புயல் இல்லை, வெள்ளம் வந்தது!

2021 நவம்பர் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது புயல் அல்ல; காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். ஆயினும் முன்தினமே திருப்பதித் தெருக்கள் ஆறாயின. திருமலைப் பாதைகள் மூடப்பட்டன. பின்னர் ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கிராமங்களைக் காலி செய்ய நேர்ந்தது.

காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் புயல் என்று பெயர். அப்பெயர் காற்றை அளக்கிறதேயன்றி மழையை அளப்பதில்லை. கடலுக்குத் தள்ளியுள்ள திருப்பதி, சித்தூர் மக்களுக்கு எமன் மழையே!

ஆகவே எந்த ஏரி, எந்தச் சாலை, எத்தனை மணிக்குள் ஆபத்து என்று அறிவிப்பில் சொல்லவேண்டும். தெலுங்கோடு தமிழிலும் சொல்லவேண்டும். அதிகாரிகள் ஆவன செய்வார்களாக! நாமும் "புயலா?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை சென்டிமீட்டர் மழை?" என்று கேட்கப் பழகுவோம்.