லீவு முடியாத அப்பா

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்ததிலிருந்து, நான் மிலிட்டரிக்காரர் மகள் என்று தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம், "கேன்டீன்ல ஒரு பாட்டில் வாங்கித் தர முடியுமா?" என்பார்கள். இப்போது, "ஊர் ஊரா சுத்தியிருப்பீங்க, ஜாலியா இருந்திருக்கும் இல்ல?" என்கிறார்கள். அந்தப் படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. ஓர் அதிகாரியின் வீடு. என் அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். அங்கே சேப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள்; தலை நரைத்தாலும் தம்பிதான்.

ஜவான் வீட்டுப் பிள்ளைகள் அப்படியொன்றும் ஊர் சுற்றுவதில்லை. குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் வேண்டுமென்றால் யூனிட் பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைப் பணி இல்லாத ஊரில், இருக்க வேண்டும், பட்டியலில் பெயர் மேலே வர வேண்டும். கிடைத்த வீட்டையும் கொஞ்ச காலத்தில் அடுத்தவருக்கு விட வேண்டும். யூனிட் ஃபீல்டுக்குக் கிளம்பினால் பெட்டி படுக்கையோடு குடும்பம் ஊருக்கு. எங்களுக்கு ஜலந்தரில் கொஞ்ச காலம் அந்த யோகம் அடித்தது. கேந்திரிய வித்யாலயாவில் படித்தேன். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1963-ல் தொடங்கிய பள்ளிகள் அவை. நடு வருஷத்தில் போய் நின்றாலும் "புதுசா?" என்று யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள், வகுப்பில் பாதிப் பேர் புதுசுதான். இந்தியும் சமஸ்கிருதமும் அங்கே வந்தன. தமிழ், அம்மா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பழைய வார இதழ்களில் வந்தது. பக்கத்து வீட்டு கட்வாலி அத்தை அம்மாவிடம் ரசம் கற்றுக்கொண்டார். அந்த அத்தையின் பெயர்கூட இப்போது நினைவில்லை. குவார்ட்டர்ஸ் சிநேகிதங்கள் அப்படித்தான்.

மற்றபடி நாங்கள் வளர்ந்தது வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில். இந்த மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பி, 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய ஊர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகள்தான். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே சட்டம். ஜவானுக்கு வருஷாந்திர லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். அதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள். பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி முதலில் வாசலில் இறங்கும். பிறகு கறிக்குழம்பு, புதுத்துணி, உறவினர் கூட்டம். அப்பா அடிக்கமாட்டார், அதட்டமாட்டார், ரேங்க் கார்டில் எந்த மார்க் இருந்தாலும் கையெழுத்துப் போடுவார். விருந்தாளியாக வருகிறவர் எதற்குக் கெட்ட பேர் வாங்கிக்கொள்ள வேண்டும்?

கெட்ட பேரெல்லாம் அம்மாவுக்கு. மணியார்டர் வாங்குவது, நிலத்துக்குத் தண்ணீர் கட்ட ஆள் பிடிப்பது, வரப்புச் சண்டைக்குப் போய் நிற்பது, கூட்டுறவு வங்கியில் நகையை வைப்பது, மீட்பது, எங்களை வெளுப்பது எல்லாம் அவள் வேலை. ராணுவத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லையில் நிற்பவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அங்கே நிற்பதற்காக இங்கே ஒருத்தி தனியாகக் குடும்பத்தை இழுத்தாள் என்பதற்கு எந்தப் பதக்கமும் கிடையாது.

அப்பா எங்கே இருக்கிறார் என்பதே பல சமயம் எங்களுக்குத் தெரியாது. இன்லண்ட் லெட்டரில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி எழுதினால் போய்ச் சேரும். எந்த மாநிலம், எந்த மலை என்று அந்த முகவரி சொல்லாது. 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது, தெரிந்தவர் தெரியாதவரெல்லாம் வந்து விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு அதைவிடக் கடுமையான காலம் அதற்குப் பிறகு வந்தது. 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 'ஆபரேஷன் பராக்ரம்' என்று எல்லை நெடுகப் படைகளை நிறுத்தினார்கள், லீவெல்லாம் ரத்து. சேப்பர்களுக்கு அப்போது வேலை கண்ணிவெடி புதைப்பது. 2002 அக்டோபரில் படைகளைத் திருப்பியழைக்க முடிவானதும், புதைத்ததை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது. போர் என்று ஒன்று நடக்கவேயில்லை. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் செத்தவர்கள் உண்டு, காலை இழந்தவர்கள் உண்டு. ஊரில் அம்மாவிடம், "சண்டைதான் இல்லையே, உங்க வீட்டுக்காரர் ஏன் லீவுக்கு வரலை?" என்று கேட்டார்கள். அதில் வேறு அர்த்தம் வைத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

இவ்வளவையும் தாங்கிய வீடு ஆடிப்போனது, அப்பா பென்ஷனில் வந்த பிறகுதான். சிப்பாயாகவே இருந்துவிட்டால் 40 வயதுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். ஹவில்தார் என்றால் இன்னும் கொஞ்ச காலம். எப்படியும் நடு வயதுதான். மாலை போட்டு வரவேற்றோம். ஒரு மாதம் வழக்கம்போல லீவு மாதிரியே போனது. அதற்குப் பிறகும் அவர் கிளம்பவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோரும் எழ வேண்டும், போர்வையை முனை பிசகாமல் மடிக்க வேண்டும். என் தம்பியின் தலைமுடி ஒரு பிரச்சினை, நான் பஸ் ஸ்டாண்டில் யாரோடு பேசினேன் என்பது இன்னொன்று. ரேங்க் கார்டை இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தார். அம்மா பேரம் பேசி முடித்து வைத்த நெல் வியாபாரத்தை, "என்னைக் கேக்காம எப்படி?" என்று மறுபடி கிளப்பினார். இத்தனை வருஷம் யாரைக் கேட்டாள் அவள்? அம்மா பதிலே சொல்லவில்லை, பாஸ் புத்தகங்களை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். தம்பி அவரிடம் எதைக் கேட்பதானாலும் அம்மா வழியாகவே கேட்டான். அப்பா கொடுமைக்காரர் இல்லை. சொன்னால் கேட்கும் ஆட்களோடு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவருக்கு, சொன்னால் ஏன் என்று கேட்கும் பிள்ளைகள் வாய்த்திருந்தார்கள். வேலூரில் ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, காலையில் போய் இரவு வரத் தொடங்கிய பிறகே அவரும் நாங்களும் மெல்லப் பேச ஆரம்பித்தோம். மிலிட்டரிக்காரர்கள் பென்ஷன் வந்த கையோடு காவல் வேலைக்குப் போவதை வெறும் பணத்தாசை என்று சொல்பவர்களுக்கு அந்த வீடுகளின் உள்ளே நடப்பது தெரியாது.

2022-ல் படைக்கு ஆள் எடுக்கும் முறையே மாறி, 'அக்னிபத்' திட்டம் வந்துவிட்டது. மணமாகாதவர்களை மட்டும் எடுக்கிறார்கள். நான்கு வருஷம் முடிந்ததும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வெளியே வருகிறவர்களுக்குப் பென்ஷன் இல்லை. அது சரியா தவறா என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், உயிரைப் பணயமாகக் கேட்கிற வேலைக்குப் பென்ஷன் இல்லை என்பது அநியாயம். ஆனால் பழைய முறையில் சேர்ந்தவர்கள் இன்னும் பல வருஷங்களுக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு ஓய்வுக்கு முன்பே மறுவேலைக்கான பயிற்சி வகுப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்துகிறது. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, பென்ஷன் சிக்கலுக்கு மனு என்று எல்லாவற்றுக்கும் அங்கே படிவம் உண்டு. வருகிறவரையும், அவர் இல்லாமலே நடக்கப் பழகிய மனைவி, பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச, அந்த அலுவலகங்கள் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். பெரிய செலவில்லை. அந்த அலுவலகங்களை நடத்துகிறவர்களில் பலர் முன்னாள் அதிகாரிகள்தாம். நான் சொல்வது அவர்களுக்குப் புரியாமல் இருக்காது.