பினாங்குக்குப் போயும் பனீர் பட்டர் மசாலாவா?

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று நம் ஊரில் வெளியாகும் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்தால், கடற்கரைக்கும் கோபுரத்துக்கும் இணையாகக் கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி இருக்கும்: மூன்று வேளையும் இந்திய உணவு. சமையல்காரரையே உடன் அழைத்துச் செல்லும் ஏற்பாடுகளும் உண்டு. ஐந்து இரவுகளுக்குள் மூன்று நகரங்கள், விடியற்காலையில் பெட்டியைக் கட்டிப் பேருந்தில் ஏறுவது, இருட்டியபின் ஏதோ ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இந்திய உணவகத்தைத் தேடி அடைவது என்று அட்டவணை ஓடும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. போவது இவ்வளவு எளிதான பிறகும், போய்ச் செய்வது மட்டும் மாறவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஓய்வும் உள்ளூர்ச் சாப்பாடும் இரண்டு தனி வேலைகள் அல்ல. அங்கே சாப்பிட உட்காரும் இடமே இளைப்பாறும் இடம். சாப்பாட்டை மாற்றி வைத்த பயணத்தில் ஓய்வும் சேர்ந்தே காணாமல் போகிறது.

பினாங்கையே எடுத்துக்கொள்வோம். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய கடைவீடுகளும் சீனக் குலச் சங்க மாளிகைகளும் பார்க்கத் தக்கவைதான். ஆனால் அந்த ஊர் மூச்சுவிடுவது கோப்பிக் கடைகளில். கடைக்காரர் கோப்பியும் தேநீரும் மட்டும் விற்பார். ஓரங்களில் இடத்தைத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார். ஒவ்வொரு வண்டியிலும் அநேகமாக ஒரே ஒரு பண்டம். அதைப் பத்து, இருபது வருடங்களாக ஒரே கை சமைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, நாலு வண்டிகளிடம் நாலு விதமாகச் சொல்லிவிட்டு வரலாம். ஒன்று வந்து, அதைத் தின்று முடிக்கும்போது அடுத்தது வரும். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு புளியைப் போட்டுக் காய்ச்சி, புதினாவும் இஞ்சிப்பூவும் தூவித் தரும் அசாம் லக்சா. பட்டையான அரிசி நூடுல்ஸை இறாலும் சிப்பியும் சேர்த்துக் கொழுந்துவிடும் தீயில் புரட்டி எடுக்கும் சார் குவே தியோ. வெயிலுக்கு, துருவிய பனிக்கட்டியின் மேல் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய செண்டோல். இவ்வளவும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உடம்பு ஆறுகிறது, ஊரும் கண்ணில் படுகிறது. சுற்றுலா அட்டவணை எதுவும் இந்த நேரத்தைத் தருவதில்லை.

‘அதெல்லாம் நம் நாக்குக்கு ஒத்துவராது’ என்பது வழக்கமான பதில். அரிசி, தேங்காய்ப்பால், புளி, மிளகாய், வாழையிலை என்று அந்த அடுக்களையில் இருப்பதைப் பார்த்தால் இந்த அச்சத்துக்கு அடிப்படை குறைவு. பினாங்கில் இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஊரின் அடையாளமாக எல்லோரும் சொல்லும் நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கியது. தோளில் கழியைத் தாங்கி, ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுவந்த சாப்பாடு அது. 1907-ல் தொடங்கிய ஹமீதியா உணவகம் கேம்பெல் தெருவில் இன்றும் நடக்கிறது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரே சோற்றின் மேல் ஊற்றுவதுதான் அதன் ருசி. நம் வீட்டில் அப்படிக் கலந்தால் திட்டு விழும்! இடியாப்பம் அங்கே புட்டு மாயம் என்ற பெயரில் தேங்காய்ப்பூவோடும் வெல்லத்தோடும் விற்கிறது. இப்படிப்பட்ட ஊரில், பேருந்துக் கூட்டத்துக்கென்று மொத்தமாகக் கிண்டிய பனீர் பட்டர் மசாலாவையும் ஆறிப்போன நானையும் ‘நம்ம சாப்பாடு’ என்று மதுரைக்காரரும் மன்னார்குடிக்காரரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அது பினாங்குச் சாப்பாடும் இல்லை, நம் வீட்டுச் சாப்பாடும் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களின் கவலை மட்டும் உண்மையானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கீரைப் பொரியலில்கூட இறால் விழுது கலந்திருக்கும். தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாறு இருக்கும். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. ஆனால் அந்த நாடுகளுக்கே உரிய, உறுதியான சைவ மரபு ஒன்று உண்டு. தாய்லாந்தில் ‘ஜே’ என்று மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீனும் முட்டையும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. புக்கெட்டில் ஆண்டுதோறும் ஒன்பது நாள் சைவ விழாவே நடக்கிறது. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாமிசம் தவிர்ப்பதால் சைவக் கடைகள் அங்கும் உண்டு. பினாங்கில் சீனச் சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஹலால் தேவைப்படுவோருக்கு மலேசியாவைவிட வசதியான நாடு அரிது. மாட்டிறைச்சியோ பன்றிக் கொழுப்போ வேண்டாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வண்டிக்கு ஒரு பண்டம் என்பதால் கேட்பதும் எளிது.

அடுத்தது வயிறு. தெருக்கடையில் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள். சிங்கப்பூர் தெருவோரக் கடைக்காரர்களுக்கு உரிமம் வழங்கி, குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள அங்காடி நிலையங்களுக்கு 1980-களின் நடுப்பகுதிக்குள் மாற்றிவிட்டது. அந்த அங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் அங்கே இரண்டு அங்காடிக் கடைகள் மிஷலின் நட்சத்திரம் பெற்றன. எல்லா நாடுகளிலும் இந்த ஒழுங்கு இல்லை என்பது சரி. ஆனாலும் கண்ணெதிரே கொதிக்கிற பண்டத்தைக் கூட்டம் அலைமோதும் கடையில் வாங்கிச் சாப்பிடுவது, மதியம் செய்து இரவு வரை மூடிவைத்த பஃபேயைவிட அபாயமானது என்று சொல்ல முடியாது. பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காரமில்லாத ஹைனான் கோழிச்சோறும் சுடச்சுடக் கஞ்சியும் இருக்கின்றன.

‘ஆயுளில் ஒருமுறை போகிறோம், நாலு இடம் பார்க்காமல் தின்றுகொண்டிருக்கவா?’ என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. கடன் வாங்கியாவது குடும்பத்தோடு கிளம்புகிறவர் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் ஓடி, நாலு கோபுரங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, அலுத்துப்போய் வீடு திரும்பி, அலுப்புத் தீர இரண்டு நாள் விடுப்பு எடுப்பதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? ஒரு நகரத்தைக் குறைத்தால் ஒரு முழு நாள் மிஞ்சும். முகவர் அடுத்த முறை அட்டவணையை நீட்டும்போது, ‘ஒரே ஊரில் மூன்று இரவு போடுங்கள், இரவுச் சாப்பாட்டை விலையிலிருந்து கழித்துவிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் அட்டவணையும் மாறும்.