சிவப்புக் கோடும் நீல வட்டமும்

2025 மே மாதம் வோக்ஸ்வாகன் நிறுவனம் ஒரு ஹேட்ச்பேக் காருக்கு இந்தியாவில் 53 லட்சம் ரூபாய் விலை சொன்னது. சொல்வதற்கு முன்பே முதல் 150 கார்களுக்கும் ஆள் வந்தாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஜூலையில் பிஎம்டபிள்யூ தன் 2 சீரிஸ் கிரான் கூப்பே செடானின் புதிய வடிவத்தை 46.9 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. முன்னது கோல்ஃப் ஜிடிஐ. முகப்பில் மெல்லிய சிவப்புக் கோடு. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். பின்னதன் மூக்கில் இருக்கும் நீல வெள்ளை வட்டத்தைத் தெரியாதவர் இல்லை. ஐம்பது லட்சத்தை ஒட்டிய பணத்தை நான்கு சக்கரங்களில் போடுவதென்று தீர்மானித்துவிட்ட பெங்களூர்க்காரருக்கு இப்படி ஒரு இக்கட்டு வாய்த்தது. இரண்டும் அறிமுகமானபோது சொல்லப்பட்ட ஷோரூம் விலைகள்தான். சாலைக்கு வருவதற்குள் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

இக்கட்டு என்பது சும்மா இல்லை. கூடுதல் பணம் கொடுத்தால் சின்ன வண்டி கிடைக்கிறது. குறைத்துக் கொடுத்தால் பெரிய பெயர் கிடைக்கிறது. இந்தக் கணக்கு நம் ஊரில் எந்தத் தாத்தாவுக்கும் புரியாது.

ஜிடிஐயின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1974இல் வந்த கோல்ஃப், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியூஜாரோ வரைந்த சாதாரணக் குடும்பக் கார். அதில் 110 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்திப் பார்க்கலாமே என்று நிறுவனத்துக்குள்ளேயே சிலர் ஏறக்குறைய ரகசியமாக இறங்கினார்கள். 1975இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டி, 1976இல் விற்பனைக்கு விட்டார்கள். 5,000 கார்கள் போனால் போதும் என்பது திட்டம். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. கியர் கம்பியின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து, இருக்கையில் கட்டம் போட்ட துணி. இரண்டும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. கட்டம் போட்ட துணி இன்றும் இருக்கிறது. ஆம், 53 லட்சம் கொடுத்துத் துணி இருக்கையில்தான் உட்கார வேண்டும். கியர் கம்பி போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பொத்தான். எஞ்சின் இரண்டு லிட்டர், 265 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் எட்ட 5.9 வினாடி.

எதிரே பிஎம்டபிள்யூ. பின்சக்கரங்களைத் தள்ளாத வண்டி ஓட்டுகிறவனின் வண்டியல்ல என்று பல ஆண்டுகள் உலகத்துக்கு உபதேசித்த நிறுவனம் அது. இந்தக் காரில் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. ஒன்றரை லிட்டர் எஞ்சின், மூன்றே சிலிண்டர், 156 குதிரைத்திறன், 8.6 வினாடி. கண்ணாடிக் கூரை, வளைந்த பெரிய திரை, கதவின் கனம், உள்ளே தொட்ட இடமெல்லாம் ஒரு வழவழப்பு. விலை குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் வேறு: இது செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் தொழிற்சாலையில் பூட்டப்படுகிறது. கோல்ஃப் ஜெர்மனியிலிருந்து முழு வண்டியாகக் கப்பலேறி வருகிறது. 53 லட்சத்தில் கணிசமான பங்கு எஞ்சினுக்கோ துணிக்கோ அல்ல, சுங்கத்துக்குப் போகிறது.

ஆனால் ஹேட்ச்பேக்குக்கு அவ்வளவு பணமா என்று மாமனார் வீட்டில் கேட்பார்களே, அந்தக் கேள்வி சுங்கவரியால் பிறந்ததல்ல. இந்தியாவில் டிக்கி என்பது சாமான் வைக்கும் இடம் மட்டுமல்ல, அந்தஸ்து. 1993இல் மாருதி ஜென் வந்தது. துடிப்பான, உருண்டையான சின்னக் கார், கல்லூரி முடித்த பையன்களின் கனவு. அடுத்த ஆண்டே அதே நிறுவனம் எஸ்டீமைக் கொண்டுவந்தது. ஜென் ஓட்ட நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்; பதவி உயர்வு வந்ததும் எஸ்டீம் வாங்கினார்கள். முப்பது ஆண்டுகளில் விலையில் ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறது, மனக்கணக்கு அப்படியே.

இந்த மனக்கணக்குக்குச் சட்டமும் கை கொடுத்தது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் நீளம் நான்கு மீட்டருக்கு மிகக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி, டீசல் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். ஹேட்ச்பேக்குகள் வளரட்டும் என்பது நோக்கம். கார் கம்பெனிகளோ நாடாவை எடுத்து அளந்து, நான்கு மீட்டருக்குள்ளேயே டிக்கி வைத்துவிட்டன. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ் வழி காட்டியது. மாருதி டிசையரை 2012இல் வாலை வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். உலகத்தில் வேறெங்கும் பெரிதாக எடுபடாத அந்தக் கட்டைவால் செடான் இந்தியாவின் டாக்சி நிறுத்தங்களை எல்லாம் நிரப்பிவிட்டது. அழகு என்று யாரும் சொல்லவில்லை. டிக்கி இருந்தது.

இந்தப் பின்னணியில் வேக ஹேட்ச்பேக்கை விற்பது எவ்வளவு கடினம் என்பதை வோக்ஸ்வாகன் ஒரு முறை அனுபவித்திருக்கிறது. 2016 நவம்பரில் போலோ ஜிடிஐயைச் சுமார் 26 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றே கதவு, 99 கார்கள்தான். அடுத்த ஆண்டு விலையை ஆறு லட்சம் குறைக்க வேண்டியிருந்தது. பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்க வேண்டிய காரை இந்தியக் குடும்பத்துக்கு விற்க நினைத்ததே ஒரு துணிச்சல்தான். ஒன்பது ஆண்டுக்குள் 53 லட்சம் ரூபாய் கார் விலை தெரியாமலே போனது என்றால், நாட்டில் ஏதோ மாறியிருக்கிறது.

மாறாதது வரி. இன்றைய ஜிஎஸ்டியிலும் அதே நான்கு மீட்டர், அதே 1,200 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் இருப்பவற்றுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. கோல்ஃப் ஐரோப்பாவில் சின்னக் கார். இந்தியச் சட்டத்தில் 29 சென்டிமீட்டர் அதிகம். எனவே நான்கரை மீட்டர் பிஎம்டபிள்யூவோடு ஒரே பந்தியில் உட்கார்கிறது. அதற்கு மேல் கர்நாடகம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இந்த மாநிலத்தின் ஆயுள்கால சாலை வரி 18 சதவீதம். அந்த வரியின் மீது கூடுதல் தீர்வை வேறு. கோல்ஃபின் அறிமுக விலைக்கு வரி மட்டும் ஒன்பதரை லட்சம், பிஎம்டபிள்யூவுக்கு ஏறக்குறைய எட்டரை லட்சம். அந்தப் பணத்தில் ஒரு மாருதி ஸ்விஃப்டை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தலாம். புதுச்சேரிப் பதிவெண்ணோடு பெங்களூரில் திரியும் சொகுசுக் கார்களின் ரகசியம் இதுதான். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறையினர் அப்படிப்பட்ட கார்களைப் பிடித்து நிறுத்தியபோது, பலருக்குத் திடீரென்று கர்நாடகத்தின் மீது வரிப்பற்று வந்தது.

சரி, வரியும் கட்டியாயிற்று. எங்கே ஓட்டுவது? டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரில் பத்து கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆகிறது. மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். சைக்கிளில் கொஞ்சம் வேகமாக மிதிக்கிற ஆள் தாண்டிப் போய்விடுவார். இரண்டு கார்களுக்கும் இடையே இருக்கும் அந்த 2.7 வினாடி வித்தியாசத்தை சில்க் போர்டு சந்திப்பில் எங்கே செலவழிப்பது என்று விற்பனையாளர்கள் சொல்வதில்லை. 109 குதிரைத்திறன் கூடுதலாக வைத்திருப்பவரும் முன்னால் நிற்கும் பிஎம்டிசி பஸ்ஸின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெடுஞ்சாலைக்குப் போகலாமே என்றால், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட மைசூர் விரைவுச்சாலை 118 கிலோமீட்டர். கார்களுக்கு வேக வரம்பு 100. கோல்ஃப் அதை 5.9 வினாடியில் எட்டும், பிஎம்டபிள்யூ 8.6 வினாடியில், பிறகு மைசூர் வரை இரண்டும் சமம். வழியெல்லாம் கேமரா. 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடகத்தில் 130ஐத் தாண்டினால் அபராதத்தோடு முடியாது, முதல் தகவல் அறிக்கையே பதிவாகும் என்று போலீஸ் அறிவித்தது. இது நியாயமான விதி. அந்தச் சாலை திறந்த புதிதில் நடந்த விபத்துகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 265 குதிரைகளுக்குத் தீனி போடுகிறவர் வண்டி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய முதல் காகிதம் அதுதான், கம்பெனியின் விளம்பரப் புத்தகம் அல்ல.

இதையெல்லாம் வைத்து வேகக் காரே வீண் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. நல்ல ஹேட்ச்பேக்கின் ருசி நேர்க்கோட்டு வேகத்தில் இல்லை. திருப்பத்தில், ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிற விதத்தில், மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே தெரியும் ஒரு உயிர்ப்பில் இருக்கிறது. ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்கு தேவனஹள்ளிப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். வளைவில் முன்சக்கரம் வழுக்காமல் பிடித்து இழுக்க ஜிடிஐயில் தனி ஏற்பாடே இருக்கிறது. பிஎம்டபிள்யூ மோசமாக ஓடும் வண்டியல்ல. ஆனால் சத்தம் கேட்காமல், குலுங்காமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் அதன் அக்கறை. முழு நாள் கூட்டத்தில் உட்கார்ந்து மண்டை காய்ந்தவருக்கு அது சின்ன உதவி அல்ல.

குழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோல்ஃபின் 18 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரம் ஒன்பது சென்டிமீட்டர். வெளிவட்டச் சாலையின் சில பள்ளங்களின் ஆழமும் ஏறக்குறைய அதுதான். 2025 செப்டம்பரில் பெங்களூரின் பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து புதிய ஆணையத்துக்கும் ஐந்து மாநகராட்சிகளுக்கும் மாறியது. அதே மாதம் சாலைகளின் நிலையைச் சொல்லி ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைவர் பெல்லந்தூரைக் காலி செய்யப்போவதாக அறிவித்தார். குழிகள் நிர்வாக மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டயர் வெடித்தால் டயர் கிடைக்கும். சக்கர வளையமே கோணினால், நாட்டிலேயே சில நூறு பேரிடம் மட்டும் இருக்கும் வண்டிக்கு மாற்று எத்தனை நாளில் வரும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அந்த வகையில் சென்னையில் பூட்டப்படும் வண்டிக்காரர் சற்று நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கணக்கு மறுபடி தலைகீழாகும். கிரான் கூப்பேயின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது; படத்தில் அழகு. புடவை கட்டிய, முழங்கால் வலிக்கிற அம்மா குனிந்து உள்ளே போவதற்குள் பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தஸ்துக்காக செடான் கேட்ட குடும்பம், ஏறி இறங்க வசதி ஹேட்ச்பேக்கில்தான் என்று கண்டுபிடிப்பது வண்டி வந்த பிறகுதான். கோல்ஃபின் பின் இருக்கையை மடக்கினால் சைக்கிளோ, மகளின் வீணைப் பெட்டியோ நீட்டிப் படுத்துக்கொள்ளும். செடானின் டிக்கி மூட்டைகளுக்கு நல்லது. நீளமான பொருளைக் கண்டால் திகைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய கேள்வி. இந்தக் கார்களை வாங்குகிறவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள் மட்டுமல்ல. ஆடுகோடியில் இருக்கும் மைக்கோவின், இன்றைய பாஷின், வாரிசுகள். 1996இல் பெங்களூரில் தொடங்கிய மெர்சிடஸ் ஆராய்ச்சி மையத்தைப் போன்ற இடங்களில் ஜெர்மன் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். பங்குகள் கைக்கு வந்த தகவல் தொழில்நுட்பக்காரர்கள். நாற்பது வயது, இரட்டைச் சம்பளம். 50 லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 80,000 ரூபாய்க்குச் சற்று மேல். 2025 ஜூலையில், பிஎம்டபிள்யூவின் புதிய கார் வந்த அதே மாதத்தில்தான், டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, சுமார் 12,000 பேரை, அனுப்பப்போவதாகச் சொன்னது. அவர்களில் அதிகம் பேர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருந்தவர்கள். இத்தகைய கார் வாங்கும் வயது அது. ஏழு ஆண்டுத் தவணைக்கு ஏழு ஆண்டு வேலை உறுதியா என்று காரின் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. வங்கிக்காரர் கேட்கிறார், ஆனால் கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து.

கடன் இல்லாமல் வாங்க முடிந்தவர், வீட்டில் ஏற்கனவே ஒரு கார் உள்ளவர், ஞாயிறு காலை எழுகிற பழக்கம் உள்ளவர் என்றால் கோல்ஃபே சரி. அவர் கொடுக்கும் பணத்துக்கு வண்டி தினமும் ஏதாவது திருப்பித் தரும். ஒரே கார், அலுவலகமும் கல்யாண வீடும் அதிலேயே என்றால் பிஎம்டபிள்யூ. கல்யாண மண்டப வாசலில் வழி விடுவார்கள். இரண்டுக்கும் தவணைதான் வழி என்பவருக்கு, அதே வோக்ஸ்வாகன் சாக்கனில் செய்யும் 150 குதிரைத்திறன் வர்டஸ் இவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. டிக்கியும் பெரிது.

தேர்ந்தெடுக்கவே மனம் வராதவர்கள் 2025 அக்டோபரில் வேறொரு வழி கண்டார்கள். ஸ்கோடா, கோல்ஃபின் அதே 265 குதிரைத்திறன் எஞ்சினை வைத்து ஆக்டேவியா ஆர்எஸ் என்ற காரை 49.99 லட்சத்துக்கு இறக்குமதி செய்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் முழு செடான், மாமனார் ஒப்புக்கொள்வார். பின்கதவைத் திறந்தால் கண்ணாடியோடு சேர்ந்து ஹேட்ச்பேக் போல மேலே போகும். வந்தது 100 கார்கள். விலை அறிவிப்பதற்கு முன்பே தீர்ந்துவிட்டன.