வெப்பம் போன இடம்

பள்ளி இயற்பியலில் மாணவரைத் திகைக்கவைக்கும் முதற்சொல் ‘வேலை’. ஒரு பொருளின்மீது விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அங்கு வேலை நடந்ததாகக் கொள்வர். ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் சுமந்து சமதளத்தில் நூறு மீட்டர் நடப்பவர், மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறார். மூட்டையோ கிடையாக நகர்கிறது. விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடையே செங்கோணம். ஆகவே, அவர் தாங்கிய விசை செய்த வேலை சுழி. விடைத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு.

இராயபுரத்திலோ காசிமேட்டிலோ இப்பாடத்தைக் கேட்கும் பிள்ளை வேறொன்றையும் அறிந்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், மீன்கூடையும் பனிக்கட்டியும் சுமந்தும் வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. தோள் கன்றி வீடு திரும்பும் தந்தையின் உழைப்பைச் சுழி என்று பாடம் சொன்னால், பாடமோ தந்தையின் களைப்போ ஏதேனும் ஒன்று பொய் என்றே அப்பிள்ளைக்குத் தோன்றும். இரண்டும் பொய்யல்ல. பாடம் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவே.

தசை கல்தூணன்று. தூண் அசையாமல் பாரம் தாங்கும். அதற்கு ஆற்றல் செலவில்லை. தசையின் நுண்ணிழைகளோ, சுமை அசையாது நிற்கும்போதும் இடைவிடாமல் பற்றியும் விட்டும் இயங்குகின்றன. காலையில் உண்ட கஞ்சியின் வேதியாற்றல் அவ்வியக்கத்தில் செலவாகி வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை உடல் வெளியேற்றும் வழியே வியர்வை. மூட்டை பெற்ற ஆற்றல் சுழி என்பது சரி. மனிதர் செலவிட்ட ஆற்றல் சுழியன்று. ‘எவ்வளவு வேலை நடந்தது?’ என்று கேட்கும் வகுப்பறை, ‘செலவான ஆற்றல் எங்கே சென்றது?’ என்றும் கேட்க வேண்டும். கேட்காதவரை ஆற்றல் அழிவின்மை விதி வெறும் மனப்பாட வரியாகவே இருக்கும்.

இவ்வினாவைக் கற்பிக்க வடசென்னைக் கடற்கரையைவிடப் பொருத்தமான ஆய்வுக்கூடம் அரிது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1870-களில் எழத் தொடங்கின. 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டன. இக்கரையில், ஆண்டின் பெரும்பகுதியில், தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கியது, மெரினா அகன்றது. வடக்கே அலைகள் ஓயவில்லை. தெற்கிலிருந்து வந்து சேரவேண்டிய மணல்தான் வரவில்லை. ஆகவே, அலைகள் இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளிலிருந்தே மணலை அள்ளிச் சென்றன. வீடுகளையும் சாலையையும் காக்கப் பாறைகளைக் கொட்டினர். தூண்டில் வளைவுகளை அமைத்தனர். மெரினாவில் காற்று வாங்குவோருள், தாம் நிற்கும் மணல் எந்தக் கரைக்குப் போகவேண்டியது என்று எண்ணுபவர் எத்தனை பேர்?

அங்கிருந்து வடக்கே சென்றால் எண்ணூர். மின்கட்டண அட்டையில் ‘ஒரு யூனிட்’ என்று குறிக்கப்படுவது 36 இலட்சம் ஜூல் ஆற்றல். ஐம்பது கிலோ மூட்டையை மூன்று மீட்டர் உயரத்திற்குத் தூக்க ஏறத்தாழ 1,470 ஜூல் வேண்டும். அப்படியானால், ஒரு யூனிட் மின்சாரத்தின் ஆற்றல் அத்தகைய மூட்டையை ஏறத்தாழ 2,450 முறை தூக்குவதற்கு ஈடாகும். ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கிவிடும் அந்த யூனிட், எத்தனை தோள்களின் உழைப்பு என்பதை இக்கணக்கு காட்டும்.

அந்த யூனிட்டை ஆக்க, அனல்மின் நிலையம் ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரியை எரிக்கிறது. கொதிகலனில் பிறக்கும் நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்னாக்கியை இயக்குகிறது. நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சிய இரு பங்கைப் பாடநூல்கள் ‘இழப்பு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. இது பொறியாளரின் திறமைக் குறைவு மட்டுமன்று. 540 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீராவியை எடுத்து, 30 பாகை கடல்நீருக்கு வெப்பத்தை விடும் எந்திரம் எவ்விதக் குறையும் அற்றதாக இருப்பினும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விட்டே தீரவேண்டும். 1824-இல் பிரெஞ்சு நாட்டுச் சாடி கார்னோ வகுத்த சிந்தனையிலிருந்து பெறப்படும் எல்லை இது. அதைக் கடக்க எவராலும் இயலாது.

ஆனால், வெளியே விடப்படும் வெப்பத்திற்கு ஒரு முகவரி உண்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தில், சுழலியை விட்டு வரும் நீராவியைக் கடல்நீர் குளிர்விக்கிறது. அதனால் சூடேறிய நீர் எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிறது. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். மீனும் இறாலும் அதை முதலில் உணரும். பொருளும் அவ்வாறே அழிவதில்லை. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, ஒரு யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பல் மிஞ்சும். அதை நீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்புகின்றனர். குழாய் கசிந்தபோதெல்லாம் அச்சேறு கொசத்தலை ஆற்றுப் படுகையில் படிந்தது. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படும் சாம்பல் அது என்பதும் உண்மையே. ஆற்றில் படிந்ததை எவரும் செங்கல் ஆக்குவதில்லை.

நகருக்கு மின்சாரம் வேண்டும். அதை மறுப்பார் இல்லை. ஆயினும், ‘இழப்பு’ என்னும் சொல், பெறுபவர் யாரென்பதை மறைத்துவிடுகிறது. நிலையத்தின் கணக்கில் இழப்பாக எழுதப்படுவது, முகத்துவாரத்தில் வலை வீசுபவரின் காலடி நீரில் வரவாகிறது. தமக்குக் கணக்கு எழுதத் தெரியாத காரணத்தால் அவர் அதைக் கணக்கு என்று சொல்வதில்லை. மீன் குறைந்துவிட்டது என்று சொல்கிறார். இயற்பியல் படித்தவருக்கு அவ்விரண்டும் ஒரே செய்தி என்று தெரியவேண்டும்.

பதினோராம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் வெப்பத்தை அளக்க மாணவர் பயில்கின்றனர். அதே வெப்பமானியை ஆசிரியர் துணையோடு எண்ணூருக்கு எடுத்துச் சென்று, வெந்நீர் கலக்கும் இடத்திலும் அதற்கு அப்பாலும் நீரின் வெப்பநிலையைக் குறித்துவர அரைநாள் போதும். குறித்த எண்களைச் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதுவதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை.