மண் சொல்லும் சாட்சி

நமது சிஞ்ச்வட்டை அடுத்த சிகலியில், கட்டிட வேலைக்காக மண் தோண்டிய தொழிலாளர் கையில் பொற்காசுகள் கிட்டிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். கண்டெடுத்தவர்கள் அதனை அரசுக்கு அறிவிக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் பிம்பிரி-சிஞ்ச்வட் காவல் துறையினர் 216 காசுகளைக் கைப்பற்றினர். அவை 18-ஆம் நூற்றாண்டின் முகலாயர் காலத்துக் காசுகள். பொன் மீண்டது, நல்லதே. ஆனால் அது புதைந்திருந்த நிலையை அறிஞர் நேரில் கண்டு குறிக்கும் வாய்ப்பு மீளவில்லை.

‘பொன் கிடைத்த பின் மண் எதற்கு?’ என்று கேட்பீர்கள். இதற்கு விடையை ஐரோப்பாவின் கிழக்கே காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த ஸ்லாவிய மக்களின் வெள்ளி அணிகள் இருவகை இடங்களில் அகப்படுகின்றன: ஒன்று கல்லறை, மற்றொன்று புதையல். வெள்ளி வளையம் ஒன்றைத் தனியே கண்டால் காதணி என்றே எண்ணுவோம். கல்லறையிலோ அத்தகைய வளையங்கள் மண்டையோட்டின் இருபுறமும் கிடக்கின்றன. ஆகவே பெண்கள் அவற்றை நெற்றிப்பொட்டின் அருகே, கூந்தலிலோ தலைப்பட்டையிலோ தொங்கவிட்டனர் என்று துணிகிறோம். புதையல் பானையிலோ அணிகளோடு அரபு நாட்டு வெள்ளிக் காசுகளும் கலந்திருக்கின்றன. காசில் ஆண்டு பொறித்திருக்கும். அவற்றுள் பிந்திய காசு அடிக்கப்பட்ட ஆண்டுக்கு முன்னர் அப்பானை மூடப்பட்டிருக்க இயலாது. அணியையும் காசையும் பிரித்து உருக்கியிருந்தால் எஞ்சுவது எடை ஒன்றே.

நம் நாட்டிலும் இதுவே உண்மை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த மெல்லிய பொற்பட்டங்கள், தாழிகள் நிறைந்த இடுகாட்டில் கிடைத்தமையாலேயே இறந்தோர்க்குச் செய்த சிறப்பை உணர்த்துகின்றன. மராட்டிய மண்ணின் நெவாசாவில் ஒரு குழந்தையின் கழுத்தருகே செப்பு மணிகள் கிடந்தன. அவற்றைக் கோத்த நூலின் எச்சமும் ஒட்டியிருந்தது. எடைபோட்டால் சில பைசாவும் பெறாத அச்செம்பு, ஒரு தாயின் துயரத்தை மூவாயிரம் ஆண்டு காத்திருந்தது!

நம்மவருள் பலர் கட்டிட வேலையில் இருக்கிறோம். பலர் சொந்த ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையலை அரசு எடுத்துக்கொள்ளுமாயின், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தரவேண்டும் என்பதும் அச்சட்டமே. மறைத்தவரோ தம் பங்கையும் இழந்து தண்டனையும் பெறுவர்.

ஆகவே மண்வெட்டியில் ஏதேனும் மின்னினால், அங்கேயே கையை நிறுத்துங்கள். பொருளை அசைக்காமல் அறிவியுங்கள். நேர்மையால் நமக்கு நட்டமில்லை; நம் மக்களுக்கோ ஒரு வரலாறு மிஞ்சும்.