ஒன்றிரண்டு போதும்

இந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதம் என் இரவுச் சாப்பாட்டைக் கெடுத்தது. "தடியைக் காட்டாவிட்டால் மனுஷன் எதற்கும் அடங்கமாட்டான்" என்று ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ஐஸ்லாந்து வேட்டைக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள்.

அங்கே பல வீடுகளில் டார்மிகன் இல்லாமல் கிறிஸ்துமஸ் விருந்து கிடையாது. கௌதாரிச் சாயல் கொண்ட பறவை, குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். எண்ணிக்கை சரிந்ததால் 2003, 2004இல் வேட்டையை நிறுத்தினார்கள். 2005இல் மறுபடி அனுமதித்தபோது, விற்கக்கூடாது என்றார்கள். ஆளுக்கு எத்தனை என்று சட்டம் போடவில்லை. அளவோடு சுடுங்கள் என்று கேட்டுக்கொண்டதோடு சரி. சில ஆண்டுகளில் ஆளுக்கு நான்கைந்து போதும் என்றார்கள். ஆளில்லாத மலையில் யார் எண்ணுவது? சுட்டவரேதான் எண்ணிக் கணக்கு எழுதித் தரவேண்டும். விற்பனைத் தடை மட்டும் இல்லையென்றால் இந்த நல்ல மனசு எத்தனை நாள் தாங்கியிருக்கும்? எனக்குச் சந்தேகம்தான். வீட்டு அடுப்புக்கு ஓர் அளவு உண்டு, சந்தைக்குக் கிடையாது.

இதைச் சொல்ல வந்தவன் கை அமெரிக்கச் சூழலியல் எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் 'எ சாண்ட் கவுன்டி அல்மனாக்' பக்கம் போய்விட்டது. 1948இல் பக்கத்து நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். புத்தகம் 1949இல் வந்தது. கடைசிவரை வேட்டைக்காரர்.

அதில் உட்காக் பற்றி ஒரு கட்டுரை. நம் உள்ளானுக்கு உறவுக்காரப் பறவை. வசந்தகால அந்தியில் ஆண் பறவை வெட்டவெளியில் நின்று கரகரக்கும், பிறகு சுற்றிச் சுற்றி மேலேறி, தடுமாறுவதுபோல் கீழே இறங்கும். வெளிச்சம் 0.05 ஃபுட்கேண்டிலாகும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது என்றுகூட எழுதிவைத்திருக்கிறார் மனிதர். கவிதை மனசும் கணக்குப்பிள்ளை மனசும் ஒரே ஆளிடம்!

அக்டோபரில் அதே பறவையைத் துப்பாக்கியோடு தேடிப்போவார். ஆசை குறையவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். ஏப்ரலில் ஆடுவதற்கு ஆள் குறையக்கூடாதாம். எந்த அதிகாரியும் சொல்லி அல்ல.

இளகிய மனம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மான்கள் பெருகிக் காட்டை மொட்டையடித்தபோது, பெட்டைகளையும் சுடுங்கள் என்று விஸ்கான்சினில் வாதாடியவரும் இவர்தான். 1943இல் அந்த வேட்டை நடந்தது. ஊரே அவரைத் திட்டியது.