நிலத்திற்கேற்ற அளவை எது?

1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எடைகள், அளவைகள் தரச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீசையும் பலமும் கடைகளை விட்டு நீங்கின. இன்று சந்தையில் எவரும் வீசைக் கணக்கில் காய்கறி கேட்பதில்லை. நிலத்தின் விஷயத்திலோ ஏக்கர் இன்னும் நம் நாவை விட்டு அகலவில்லை. இதனை மக்களின் பிடிவாதம் என்று கூறுவது பொருந்தாது. பழைய படிக்கற்களை அகற்றிப் புதியவற்றை வைத்ததும், கண்ணும் கையும் புதிய எடையைத் தாமே பழகிக்கொண்டன. நிலத்திற்கு அவ்விதம் மாற்றிவைக்கத்தக்க படிக்கல் ஏதுமில்லை.

இதன் விளைவைக் காணக் குண்டலுபேட்டை ஏற்ற இடம். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூரில், மைசூரிலிருந்து வரும் சாலை தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்குமாகப் பிரிகிறது. இங்கு நிலப்பதிவேடு ஏக்கர், குண்டே என்னும் அளவைகளில் உள்ளது. 33 அடிச் சதுரம் ஒரு குண்டே. 40 குண்டே ஓர் ஏக்கர். பந்திப்பூர்க் காட்டைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் வந்தால், சிட்டாவில் ஹெக்டேரும் ஏரும். மக்கள் பேச்சில் ஏக்கரும் செண்டும். உரப் பரிந்துரைகள் பலவும் ஹெக்டேர்க் கணக்கிலேயே அமைகின்றன. ஹெக்டேரை ஏக்கரென மயங்கினால், நிலத்தில் இடப்படும் உரம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். பொருள் நஷ்டம் உழவருக்கு, கேடு மண்ணிற்கு.

ஹெக்டேரையே எல்லோரும் வழங்கவேண்டும் என்பாருளர். ஆனால் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடையவரே குறு விவசாயி எனப்படுகிறார். தம் உடைமை முழுவதையும் பின்னமாகக் காட்டும் அளவையை அவர் எங்ஙனம் விரும்புவார்? சதுர மீட்டரோ மிகச் சிறிது. ஆகவே, இடைப்பட்ட ஏர் என்னும் அளவையே களப்பணிக்கு உகந்தது என்பது என் கருத்து. பத்து மீட்டர்ச் சதுரம் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஹெக்டேருக்கு 100 கிலோகிராம் என்றால் ஏருக்கு ஒரு கிலோகிராம். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏர் நிலத்தில் விழும் நீர் 100 லிட்டர். இக்கணக்குகளை மனத்திலேயே போட்டுவிடலாம்.

மேலும், குண்டே என்பது 101.17 சதுர மீட்டர். ஏருக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்கு ஒன்றினும் சற்றே மிகுதி. ஆதலின் குண்டலுபேட்டை உழவருக்கு ஏர் அந்நியமன்று. விதைக்கும் உரத்திற்கும் இரண்டையும் ஒன்றெனவே கொள்ளலாம். நிலத்தை விற்கும்போது மட்டும் அவ்விதம் கொள்ளலாகாது. ஓர் ஏக்கரில் 47 சதுர மீட்டர், அதாவது ஒரு செண்டுக்கும் கூடுதலான நிலம், கணக்கில் மறைந்துவிடும். நுட்பம் எவ்வளவு வேண்டும் என்பதை வேலையே தீர்மானிக்கிறது.

தமிழில் ஏர் என்பது கலப்பையையும் குறிக்குமே, குழப்பம் விளையாதோ எனச் சிலர் ஐயுறலாம். உழுபடையின் பெயரை நில அளவையும் பெற்றிருப்பது நினைவுக்குத் துணையேயன்றித் தடையன்று.

ஆசிரியர்கள் பள்ளித் திடலில் பத்து மீட்டர்க் கயிற்றால் ஓர் ஏர் அளந்து, நான்கு மூலைகளிலும் கல் நட்டு, மாணவரை அதனுள் நடக்கச் செய்யவேண்டும். களப்பணியாளர்கள் தாம் எழுதித்தரும் ஒவ்வொரு உரச்சீட்டிலும் ஏர்க் கணக்கையும் சேர்த்தெழுத வேண்டும். நிலத்திற்கு இல்லாத படிக்கல்லை நாமே நட்டுவைப்பது இவ்வாறுதான்.